உன் அப்பாவின் நீல உதடுகள்

குஹ்மோ,
ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கைசாவுக்கு,

வடக்குக் காடுகளின் முடிசூடா மன்னனும், இந்த மாகாணத்துக் கொசுக்கள் அனைத்துக்கும் நித்திய அன்னதாதாவும், உன் அப்பாவுக்கு ஒரே தம்பியுமான வெய்க்கோ சித்தப்பா எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. நலத்தைத்தான் நீ பாட்டிலில் அடைத்து மூடி போட்டு விற்கிறாயே, உனக்கென்ன குறை?

முதலில் ஒன்று. அப்பா உயிரோடு இருக்கிறார். இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள். மூச்சு விட்டாயிற்றா? சரி, இனி திட்டப்போகிறேன்.

உனக்குப் போன் செய்யமாட்டேன் என்று உன் அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். "கைசா காதுக்கு இது போகக்கூடாது" என்று அப்பா அழுத்திச் சொல்லிவிட்டாராம். கடிதம் எழுதமாட்டேன் என்று நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. நம் பெர்த்தியின் லாரி இன்று சாயங்காலம் ஹெல்சிங்கிக்குப் போகிறது, உன் கம்பெனிக்குத்தான் பழம் ஏற்றிக்கொண்டு. அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன சனிக்கிழமை காலை உன் அப்பா நீலப் பழம் பறிக்கத் தனியாகக் கிளம்பினார். எங்கே என்று யாருக்குத் தெரியும்? நம் ஊரில் ஒருவன் தன் கள்ளக் காதலைக்கூடச் சொல்வான், பழம் பறிக்கிற இடத்தைச் சொல்லமாட்டான். சாகப்போகிற நேரத்தில் பெற்ற பிள்ளைக்கு மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவான். உன் அப்பா அதிலும் ஒரு படி மேல். காரைக் காட்டின் மறுபக்கம் நிறுத்திவிட்டு நடந்து போகிற மகானுபாவர். போனைக் காரிலேயே விட்டுவிட்டார். சட்டைப்பையில் இருந்தால் அது இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அப்புறம் காப்பிக்கும் வரவில்லை. காப்பிக்கு வராத ஃபின்லாந்துக்காரன் சிறையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சவப்பெட்டியில் இருக்கவேண்டும். உன் அம்மா கையைப் பிசைந்துகொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

கார் கிடைத்தது. ஊரே காரைச் சுற்றித் தேடியது. அவருடைய தந்திரம் அவ்வளவு அழகாக வேலை செய்தது. உன் அப்பா பேரைச் சொல்லி நான் போட்ட கூச்சலில் எல்லைக்கு அப்பாலிருக்கும் ரஷ்யக் கரடிகள்கூட எழுந்து உட்கார்ந்து, "யாருப்பா அந்த தைஸ்தோ?" என்று விசாரித்திருக்கும். கடைசியில் என் நாய் ரெக்குதான் மோப்பம் பிடித்து எங்கேயோ ஓடினான். கார் நின்ற இடத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில், ஒரு பைன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாளி நிறையப் பழம், அதன்மேல் பழம் வாருகிற சீப்பு. ரகசிய இடத்திலிருந்து திரும்பி வரும் வழியில் விழுந்திருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பேசினால் மூச்சுத் திணற.

உதடெல்லாம் நீலம். ஆம்புலன்ஸில் வந்த பெண் பதறிப்போய், "எவ்ளோ நேரமா உதடு இப்படி நீலமா இருக்கு?" என்று கேட்டாள். "ஜூலை மாசத்துலேர்ந்தும்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்தாள். பழச் சாயம் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு அடியிலும் உதடு நீலமாகவே இருந்தது.

அதைப் பார்த்தவன் நான், கைசா. நீ இல்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா, "மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுறாரா?" என்று கேட்டாள். "மணி அடிச்ச மாதிரி" என்று உன் அம்மா சொன்னாள். வீட்டுக்கு வந்து காப்பி டப்பாவுக்குப் பின்னால் பார்த்தால், இதயத்தில் குழாய் வைத்தபோது கொடுத்த மாத்திரைகள், ரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை எல்லாம் அட்டை உடையாமல் கிடக்கின்றன. கோடைத் திருவிழாவிலிருந்து ஒன்றைக்கூடத் தொடவில்லை. அலமாரியின் முன்வரிசையில் உன் கம்பெனியின் 'இதயக் கவசம்' நீலப் பழச்சாறு பாட்டில்கள் அணிவகுத்து நிற்கின்றன, ராணுவ மரியாதை வாங்குவதுபோல. சவுனா நீராவிக் குளியலிலிருந்து வந்ததும் பீர் குடிக்காமல் உன் சாற்றைக் குடித்தார் அந்த மனிதர். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். "நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லலியே சித்தப்பா." சொல்லவில்லைதான். உன் காணொளியில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு (யார் கொடுத்தார்கள் உனக்கு அந்தக் கோட்டை? நீ படித்தது விளம்பரம்!) நீலப் பழத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது, உடம்பு உள்ளே துருப்பிடிக்காமல் அது காக்கும், இதயத்துக்கு இயற்கையே மருந்து என்று சிரித்தாய். உன் அப்பா அதை இந்த வட்டாரத்தில் மனிதனுக்கும் மாட்டுக்கும் போட்டுக் காட்டினார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் கேட்டார், உன் அம்மா பக்கத்தில்தான் நின்றாள்: "ஏம்மா, இதைக் குடிச்சாப் போதுமா? வேற ஒண்ணும் வேண்டாமா?" நீ என்ன சொன்னாய்? "தாராளமாப் போதும்பா, நீங்கதான் எங்களுக்கு நடமாடும் விளம்பரம்!" என்று சொல்லிச் சிரித்தாய். உனக்கு அது வேடிக்கைப் பேச்சு. அவருக்கு மருத்துவர் வாக்கு.

இரண்டு வார்த்தை, கைசா. "எதுக்குப்பா கேக்கறீங்க?" அதைக் கேட்க உனக்கு நேரமில்லையா?

பழத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த உடம்பில் ஓடுவது பாதி காப்பி, பாதி பழக் கஞ்சி. குத்திப் பார்த்தால் ஊதாவாகத்தான் வழியும். டாக்டரம்மாவிடமே கேட்டேன். "பழம் நல்லதுதாங்க. தினம் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியில போட்டுச் சாப்பிடட்டும். ரத்தக் குழாய்க்கு நல்லது செய்யலாம்னு ஆராய்ச்சியெல்லாம் இருக்கு. ஆனா மாத்திரை செய்யற வேலையை ஒரு பாட்டில் சாறு செய்யும்னு யாரும் இதுவரைக்கும் காட்டல. பழமும் வேணும், மாத்திரையும் வேணும். ஒண்ணுக்குப் பதிலா ஒண்ணு இல்ல" என்றாள். எவ்வளவு சாதாரணமான பேச்சு பார். இதை உன் பாட்டிலில் ஒட்ட இடம் போதவில்லையா?

இனிமேல்தான் விஷயம். வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மருத்துவமனையில் நர்ஸ் பக்கத்தில் நின்று முறைப்பதால் விழுங்குகிறார். வீட்டில் தொடமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், என் மோட்டார் படகைத் தருவதாகக்கூடச் சொன்னேன். "போடா! மாத்திரையை நான் முழுங்கினா என் பொண்ணு ஊருக்கெல்லாம் பொய் சொன்னாங்கற மாதிரி ஆகாதா? அவ படிச்சவடா. அவ பேரு கெடக்கூடாது" என்கிறார். உன் பேர் கெடாமலிருக்க அவர் சாகத் தயார். மாத்திரை இல்லாமல் இன்னொரு முறை இப்படி வந்தால் தாங்காது என்று டாக்டரம்மா வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். உன் அம்மா சொன்னால் கேட்கமாட்டார். நான் சொன்னால் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. நீ வந்து, அவர் கண்ணைப் பார்த்து, "நான் சொன்னது தப்புப்பா" என்று சொல்லவேண்டும். உன் கம்பெனி இதைக் கேட்டு உன்னை என்ன செய்யுமோ எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

இன்னொன்றும் நடந்தது. உன் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தபோது உன் அப்பா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். மூச்சு வாங்க வாங்க இடத்தைச் சொன்னார். எந்தப் பாதை, எந்தப் பாறைக்குப் பக்கத்தில் திரும்பவேண்டும், எந்த ஓடையைத் தாண்டவேண்டும், எல்லாம். "கைசாகிட்ட சொல்லிடு" என்றார். நாற்பது வருஷம் நான் கெஞ்சியும், சாராயம் வாங்கிக் கொடுத்தும், ஒருமுறை பின்னாலேயே தவழ்ந்து போய்ச் சதுப்பில் இடுப்புவரை புதைந்தும் கிடைக்காத இடம். அவர் அதை ஏன் சொன்னார் என்று உனக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

"கொசுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலண்ணே, நீயே அவகிட்ட சொல்லிக்கோ" என்றேன். அந்த நிலையிலும், "செவிட்டுப் பயலே!" என்று திட்டினார். அந்தத் திட்டைக் கேட்ட பிறகுதான் ஆள் பிழைத்துக்கொள்வார் என்று நம்பினேன்.

ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது, கைசா. ஆனால் எழுதமாட்டேன். போனில் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் வா. பாட்டில் எதுவும் இல்லாமல் வா. அவர் படுக்கையருகே உட்கார்ந்து, சொல்லவேண்டியதைச் சொல்லி, மாத்திரையை உன் கையாலேயே கொடு. பதிலுக்கு அவர் இடத்தைச் சொல்ல வாயெடுத்தால், காதைப் பொத்திக்கொள். என் கோபமெல்லாம் வாசல்வரைதான், உள்ளே காப்பி சூடாக இருக்கும். நீ நூறு வயது நன்றாக இரு. அந்தப் பழக்காடு எங்கே இருக்கிறது என்று இன்னும் ரொம்ப வருஷத்துக்கு உனக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

இப்படிக்கு,
காது நன்றாகக் கேட்கும் உன் சித்தப்பா,
வெய்க்கோ