சாளைக் கருவாடும் ஒரு நேர்ச்சையும்

சேசு மரி சூசை துணை

இராயப்பன்பட்டி
1893 ஜனவரி 10

அன்புள்ள மச்சானுக்கு,

பாக்கியம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

பாலன் பிறப்புத் திருநாளுக்கு வருவீர்கள் என்று அதிரசம் சுட்டு வைத்தேன். கடைசியில் பக்கத்து வீட்டார்தான் தின்றார்கள். அந்த ஏலத்தோட்டத்தில் உங்களை விட்டால் வேறு கணக்குப்பிள்ளையே கிடையாதா?

போனது போகட்டும். மே மாதம் பெந்தகோஸ்து திருநாளன்று நம் அருளாயிக்குப் புதுநன்மை, அவளுடைய முதல் நற்கருணை, கொடுக்கப்போகிறார்கள். மடத்துக் கன்னியர் வெள்ளைச் சட்டை தைக்கிறார்கள். "ஐயா வருவாகளா?" என்று தினமும் கேட்கிறாள். வைசூரியில் பிழைத்து எழுந்த பிள்ளை, அவள் ஆசையைக் கெடுக்காதீர்கள்.

மலைக்குப் பொதிமாடு ஓட்டும் ராவுத்தரிடம் வழக்கம்போலக் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பாக்கியம்

---

ஏலத்தோட்டம்
ஜனவரி 29

அன்புள்ள பாக்கியத்துக்கு,

இருதயம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கடிதமும் கருவாடும் வந்து சேர்ந்தன. நெத்திலி வெகு ருசி. இங்கே இரண்டு வேளையும் மரச்சீனிக் கிழங்குதான். அரிசி மலையேறி வருவதற்குள் பாதி நனைந்துவிடுகிறது.

திருநாளுக்கு வருவது பற்றி இப்போதே சொல்ல முடியாது. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அருளாயிக்கு என் முத்தம். நான் வராவிட்டாலும் என் மனது அங்கேதான் இருக்கும் என்று சொல்.

இருதயம்

---

இராயப்பன்பட்டி
பிப்ரவரி 13

மச்சானுக்கு,

நான் அனுப்பியது நெத்திலி அல்ல, சாளை. நெத்திலிக்கும் சாளைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா நீங்கள்? தலையைக் கிள்ளுவதற்குள் சட்டியை எட்டிப் பார்க்கிறவர்!

சந்தையில் ராவுத்தரை மறித்து விசாரித்தேன். பாவம், மனுஷருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆத்தா, நீ குடுத்துவிடுற கருவாட்டை எல்லாம் கங்காணி தவசிதான் தின்னுறான். உம் புருசன் கழுத்துல எந்நேரமும் துண்டைச் சுத்திக்கிட்டு இருக்காக. உள்ள வீக்கமாம். யாருகிட்டயும் காட்ட மாட்டேங்குறாக" என்றார்.

நடுச்சந்தை என்றும் பாராமல் அழுதேன். அதைவிடக் கோபம் அதிகம். போன தபசு காலத்தில் வந்தபோது கஞ்சியும் துவையலுமாக இருந்துவிட்டுப் போனீர்கள். பக்தி முற்றிவிட்டது என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். என்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இல்லாவிட்டால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே மலையேறி வருவேன். அவளுக்குப் பத்து வயது, கனம் உங்களுக்கே தெரியும்.

பாக்கியம்

---

ஏலத்தோட்டம்
மார்ச் 6

அன்புள்ள பாக்கியம்,

மலையேற வேண்டாம், சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அருளாயிக்கு வைசூரி கண்ட சேதி வந்ததே, அன்று மழையில் பாதை அடைந்து கிடந்தது. இறங்க வழியில்லை. மண்டியிட்டு மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன், பிள்ளை பிழைத்தால் சாகும்வரை மீனும் மாமிசமும் தொடமாட்டேன் என்று. பிழைத்தாள். உன்னிடம் சொன்னால் நீயும் சேர்ந்து விட்டுவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை.

போன வருஷம் தொண்டையில் சின்னதாகத் தடித்தது. இப்போது எலுமிச்சங்காய் அளவு. வலி இல்லை. சோர்வும் குளிரும்தான் அதிகம். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் இன்னும் சிலருக்கும் இருக்கிறது. தோட்டத்து டிரெஸ்ஸர் பார்த்துவிட்டு, கடற்பாசியைச் சுட்ட சாம்பலிலிருந்து எடுத்ததாம், ஒரு தவிட்டு நிற மருந்து கொடுத்தார். "கணக்குப்பிள்ளை, கடல் சரக்கு ஏதாச்சும் சாப்பிடுறீகளா? மலைத் தண்ணியும் கிழங்குமா இருந்தா இப்படித்தான் கழுத்து வீங்குது. மீனு, கருவாடு சேத்துக்கிட்டா நல்லதுன்னு பெரிய டாக்டருமாரே சொல்லுறாக" என்றார்.

அப்போதுதான் தவசியின் கழுத்தைப் பார்த்தேன். உன் கருவாட்டைத் தின்று வழவழவென்று இருக்கிறது!

ஆனால் நான் எப்படித் தின்பேன்? மாதாவிடம் வாங்கிய உயிர் அது. வாக்கை மீறி, நாளை அவளுக்கு ஒன்று ஆனால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. இந்தக் கழுத்தோடு அவள் பக்கத்தில் நின்று, கோவிலில் நாலு பேர் அவளை விட்டு என்னைப் பார்க்கவும் வேண்டாம். நான் வரவில்லை. மன்னித்துக்கொள்.

இருதயம்

---

இராயப்பன்பட்டி
ஏப்ரல் 10

என் அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன், பிறகு திட்டினேன். பாஸ்குத் திருநாள் முடிந்ததும் நேரே பங்குச் சாமியாரிடம் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நேர்ந்தது நல்ல மனதோடுதான். ஆனால் பிள்ளையைக் காப்பாற்றிய மாதா தகப்பனை வீழ்த்தவா கேட்பாள்?" என்றார். நேர்ச்சையைத் தள்ளிவிடவில்லை. அவருக்கு அதிகாரம் உண்டாம், மாற்றிக் கொடுத்துவிட்டார். இனி நீங்கள் மாதம் ஒரு கூடை கருவாடு வாங்கி, லயத்தில் கழுத்து வீங்கியவர்களுக்கெல்லாம் பங்கிட வேண்டும். முதல் பங்கை நீங்களே தின்ன வேண்டும். இது சாமியார் கட்டளை. மருந்தையும் விடாமல் குடிக்கவேண்டும். அது என் கட்டளை.

முதல் கூடை ராவுத்தரோடு வருகிறது. சாளைதான். பார்த்துக்கொள்ளுங்கள்.

அருளாயிக்குத் தெரியாமல் வைத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டதை மறந்துபோனேன். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "எம் மூஞ்சியெல்லாம் அம்மைத் தழும்பா இருக்கு. அதுக்காக ஐயா என்னைய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகாம இருந்தாகளா? பெறகு அவுக மட்டும் ஏன் கழுத்தை மறைக்கிறாக?"

இதற்குப் பதிலை நீங்களே வந்து சொல்லுங்கள்.

பாக்கியம்

---

ஏலத்தோட்டம்
மே 12

பாக்கியம்,

அவள் கேட்டதைப் படித்தேன். பிறகு அடுப்பு மூட்டிச் சாளையைச் சுட்டேன். முதல் துண்டைச் சிலுவை போட்டுக்கொண்டு தின்றேன். கண்ணில் நீர் வந்தது. புகைதான் காரணம் என்று தவசியிடம் சொன்னேன். கூடையைப் பங்கிட்டாயிற்று. தன் பங்கு குறைந்துபோனதில் அவனுக்குத்தான் வருத்தம்.

வீக்கம் லேசாக இளகியிருப்பதாக டிரெஸ்ஸர் சொல்கிறார். முழுதும் வடிய மாதக்கணக்காகுமாம். ஆகட்டும். திருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ராவுத்தரோடு இறங்குகிறேன். துண்டு கொண்டுவரவில்லை. அதில்தான் அருளாயிக்கு ஏலக்காய் முடிந்து வைத்திருக்கிறேன்... பார், அப்படியானால் துண்டும் வருகிறது. கழுத்தில் இராது, கையில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மீன் குழம்பு வை. என்ன மீன் என்று முன்கூட்டிச் சொல்லாதே. இந்த முறை சரியாகச் சொல்வேன்.

உன்,
இருதயம்