அதே இடத்தில் தேய்ந்த சக்கரம்

அனுப்புநர்:
சக்கர லேத் இயக்குபவர்
(தற்சமயம் பழைய இரும்புக் கிடங்குக் காவலில்),
தொழிலாளர் குடியிருப்பு, மூன்றாம் வரிசை.

பெறுநர்:
தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
ரயில்வே தலைமை அலுவலகம்.

பொருள்: எஃகின் கடினத்தன்மை சீராக இல்லாத சக்கரத்துக்குப் பொய்ப் பதிவு எழுதி, பழியை என் மேல் போட்ட பணிமனை ஆய்வாளர் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினெட்டு ஆண்டுகளாக, தேய்ந்த ரயில் சக்கரங்களைக் கடைந்து வட்டமாக்குவது என் வேலை. சென்ற ஆண்டு, சரக்கு வண்டியின் கார்டு பெட்டியிலிருந்து வந்த புதுச் சக்கரம் ஒன்று ஒரே இடத்தில் ஒரு சாண் நீளம் தட்டையாகியிருந்தது. கடைந்து அனுப்பினேன். நாற்பதே நாளில் அதே இடம் தேய்ந்து திரும்பி வந்தது. கடைசலில் பிழையென்றால் தேய்வு இடம் மாறும். உளி அங்கே போகும்போது மட்டும் சத்தம் அடங்கியது. அந்த இடத்தில் மட்டும் எஃகு மென்மையாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

2. ஆய்வாளர் என் அக்காவின் கணவரும் ஆவார். அவரிடம் சொன்னேன். "வட்டமா இருக்கு, உருளுது. அப்புறம் உனக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். எழுதிக் கொடுத்த தாளும் காணாமல் போயிற்று. மீண்டும் கடையச் சொன்னார், கடைந்தேன். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குற்றத்தை நான் மறைக்கவில்லை.

3. அடுத்த மாதம் அந்தப் பெட்டியில் கார்டாகப் போனவர் என் கணவர். அந்தச் சக்கரம் சுற்றுக்கு ஒரு இடியாக இடித்து, அச்சின் தாங்கி உடைந்து, பெட்டி சாய்ந்தது. அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

4. "லேத் பணியாளரின் கவனக்குறைவு" என்று ஆய்வாளர் விசாரணையில் எழுதினார். அதாவது, கட்டியவர் காலை நானே எடுத்துவிட்டேனாம். மாமியார் என் கையால் தண்ணீர் வாங்குவதில்லை. கணவர் ஒரே ஒரு முறை கேட்டார்: "கவனமாத்தானே கடைஞ்சே?"

5. தண்டனையாக ஆய்வாளர் என்னைப் பழைய இரும்புக் கிடங்கில் போட்டார். அந்தச் சக்கரமும் அங்கேதான் கிடக்கிறது என்பதை அவர் யோசிக்கவில்லை. சோதனைக்கூட ஊழியரை அழைத்து வந்து, சாட்சிகள் முன்னிலையில், விதிப்படி சுற்றிலும் பன்னிரண்டு இடங்களில் கடினத்தன்மையை அளந்தேன். பதினொன்றில் 270 முதல் 294 வரை. தேய்ந்த இடத்தில் 219. சக்கரம் புதிதாக வந்தபோது அளந்ததாக ஆய்வாளர் எழுதிய பதிவிலோ பன்னிரண்டுக்கும் 285. எஃகு அவ்வளவு ஒழுங்காக இருக்காது ஐயா, பேனாதான் இருக்கும்.

6. இப்போது அந்தச் சக்கரத்தை வெள்ளிக்கிழமைக்குள் உருக்கிவிட உத்தரவு போட்டிருக்கிறார். நான் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறேன். "எனக்காகவாவது விட்டுடும்மா" என்று அக்கா வந்து அழுதார். உட்காரச் சொன்னேன், விடுகிறேன் என்று சொல்லவில்லை.

ஆகவே, அதே வார்ப்பில் வந்து இன்னும் ஓடும் முப்பத்தொரு சக்கரங்களை உடனே நிறுத்த வேண்டுகிறேன். பிறகு, பணிமனை முழுவதும் கூடியிருக்க, என் கணவரை முன்வரிசையில் அமர்த்தி, ஆய்வாளர் தம் கையாலேயே பன்னிரண்டு இடங்களையும் அளந்து உரக்கப் படிக்க வேண்டும். 219-ஐ இரண்டு முறை படிக்க வேண்டும். அதன்பின் அவரை என் கிடங்கு நாற்காலியில் அமர்த்த வேண்டும். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதை மாற்றித் தர வேண்டாம் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 14, செவ்வாய்க்கிழமை
இடம்: பழைய இரும்புக் கிடங்கு

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
சக்கர லேத் இயக்குபவர்