சாந்திமதி இந்தியில் சொன்னது

அஜ்மீர்
6-10-1969

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாந்திமதி எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீ கோபமாக இருப்பாய், அதனால் உன் சுகத்தைக் கடைசியில் கேட்கிறேன்.

நீ கட்சி மாநாட்டுக்கு மதுரை போன மறுநாள் விருஷபதாஸ் மாமா வீட்டுக்கு வந்தார். ராஜஸ்தான் ஜைன யாத்திரைக்கு வேன் தயார், ஒன்பது பேர் பெயர் கொடுத்தாயிற்று, கூட வர இருந்த இந்தி தெரிந்த ஆளுக்குத்தான் மஞ்சள் காமாலை. "பாஷை தெரியாம எங்க போறது? நம்ம திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலையே சுத்தி வர வேண்டியதுதான்" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் வாய் தவறிச் சொல்லவில்லை அண்ணா, தெரிந்தேதான் சொன்னேன்: "எனக்கு இந்தி தெரியும் மாமா."

அம்மா என்னையே பார்த்தாள். "எப்பலேர்ந்துடி?"

"மூணு வருஷமா."

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் உயிரோட இருப்பனா?"

அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். "பெட்டியில எம் புடவை நாலு வை" என்றாள்.

நீ கூட்டத்துக்குப் போகிற நேரமெல்லாம் சிலோன் ரேடியோவில் இந்திப் பாட்டு கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது. எழுத்து, லைப்ரரிப் புத்தகத்தில். ஸ்டேஷன் போர்டில் இந்தி எழுத்துக்குத் தார் பூசி ரெண்டு மாசம் ஜெயிலுக்குப் போன தரணேந்திரனின் தங்கை நான். உன்னிடம் மறைத்தது தப்பு. கற்றுக்கொண்டது தப்பில்லை.

ஆனால் பாட்டில் கற்ற இந்தி ரோட்டுக்கு உதவ மாட்டேன் என்கிறது. நாசிக் தாண்டி டயர் வெடித்தது. பங்ச்சர் கடைக்காரரிடம் நான் பேசியதும் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிரைவர் சிட்டிபாபு, "இன்னாமா சொன்ன? ஆளு உருண்டுக்கினு கீறான்" என்றார்.

"என் உயிரே, காத்துப் போயிடுச்சுன்னு சொன்னேன்."

"பாட்டுல டயரே வராதாமா?"

இங்கே மலைகள் நம் பக்கம் மாதிரி இல்லை. பச்சையே இல்லாமல், எலும்பு தெரிகிற மலைகள். நாளைக்குப் பாலைவனம். எனக்குத் தூக்கமே வரவில்லை.

பதிலை ஆபு மலைத் தபாலாபீஸ் விலாசத்துக்குப் போடு. உப்பு ஜாடி அரிசிப் பானைக்குப் பின்னால். சுகமா?

உன் தங்கை
சாந்திமதி


காஞ்சிபுரம்
13-10-1969

சாந்திமதிக்கு,

கடிதம் கிடைத்தது. விருஷபதாஸ் மாமா வீட்டு வழியாகச் செய்தி ஊருக்கே தெரிந்துவிட்டது. நெசவாளர் சொசைட்டி ஆபீசில் நம் கட்சிக்காரன் கலியாணசுந்தரம் எல்லார் முன்னாலும் கேட்கிறான்: "இன்னா தரணி, உந்தங்கச்சி இந்தி பண்டிட்டாமே? எங்களுக்குக் கூட சொல்லவே இல்ல." நான் தலை குனிந்து ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயிலில் கூட நான் தலை குனிந்ததில்லை.

பாஷை மேல் எனக்கு என்ன பகை? அதைத் தலையில் கட்டுகிறவன் மேல்தான் பகை. நீ யாரும் கட்டாமலே கட்டிக்கொண்டாய்.

இதைக் கண்டதும் ஆபு ரோடு ஸ்டேஷனில் ரயிலேறு. இனி இந்தி பேச மாட்டேன் என்று உன் கையால் எழுதி முன்னதாக அனுப்பு. இல்லையென்றால் அம்மா மட்டும் வீட்டுக்கு வரலாம். உனக்கு இந்தக் கதவு திறக்காது.

உப்பு கிடைத்தது. புளி எங்கே?

தரணேந்திரன்


மவுண்ட் ஆபு
20-10-1969

அன்புள்ள அண்ணா,

எழுதித் தர மாட்டேன். முதலில் அதைச் சொல்லிவிட்டேன். புளி, உறியில்.

பாலைவனத்தை உனக்கு எப்படிச் சொல்வது? காலையில் பார்த்தால் சாயம் போடாத பட்டுத்துணியைக் கண் எட்டும் தூரம் வரை உதறிப் போட்ட மாதிரி. பத்து மணிக்கு அதைப் பார்க்கவே முடியாது, கண் கூசும். ரோட்டை மணல் மூடிவிடுகிறது. சிட்டிபாபு சக்கரத்தடியில் சாக்கு விரிப்பார், நாங்கள் பதினோரு பேரும் தள்ளுவோம். சாக்கை எடுத்து முன்னால் விரிப்பார், மறுபடி தள்ளுவோம். ஒரு மைலுக்கு ஒரு மணி நேரம். ஒட்டகம் ஒன்று நின்று எங்களை வேடிக்கை பார்த்தது.

சூரியன் மறைந்தால் நாம் சாப்பிடக் கூடாதே, அம்மாவுக்கு அங்கேதான் சந்தோஷம். மரமும் இல்லை, மேடும் இல்லை, சூரியன் ஒளிய இடமே கிடையாது. "இந்த ஊர்ல சாப்பிட நேரம் ஜாஸ்திடி" என்றாள்.

ஆனால் ஒருநாள் சாப்பிடவில்லை. அதைக் கேள்.

ஜோத்பூர் தாண்டி ஒரு சின்ன ஊர், ஜைன யாத்திரிகர் சத்திரம். பொழுது சாய அரை மணி இருந்தது. சத்திரத்துக்காரர் எங்கள் மஞ்சளையும் பொட்டையும் பூவையும் பார்த்தார். "மதராசிகளில் ஜைனர் ஏது? வேறு இடம் பாருங்கள்" என்றார். மாமா, "இன்னாம்மா சொல்றாரு?" என்று கேட்டார். மழுப்பியிருக்கலாம். சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

அம்மா முன்னால் வந்தாள். கை கூப்பி, நாம் தினமும் சொல்லும் ணமோகார மந்திரத்தை ஆரம்பித்தாள். பதினோரு பேரும் சேர்ந்துகொண்டோம். அந்த மனிதர் முகம் மாறிவிட்டது. கதவை முழுசாகத் திறந்தார். அத்தோடு விட்டிருக்கலாம். அம்மாவைப் பார்த்து, "இந்தி தெரியாமல் என்ன ஜைனர்? முதலில் அதைக் கற்றுக்கொண்டு வந்து ஜைனர் என்று சொல்லுங்கள்" என்றார்.

நான் இந்தியில் சொன்னேன்: "மகாவீரருக்கும் இந்தி தெரியாது."

கதவைச் சாத்திவிட்டார்.

இனி அடுப்பு மூட்ட நேரமில்லை. எல்லாரும் பட்டினி, வேனுக்குள்ளேயே படுக்கை. மாமா, "உன் வாயால பதினோரு வயிறு காயுது" என்று திட்டினார். அம்மா என் பக்கம் நகர்ந்து, "அவன் மூஞ்சி போன போக்க பாத்தியா? இன்னொரு தபா சொல்லு, அவன் பாஷையிலயே சொல்லு" என்றாள். சொன்னேன். பசியோடு சிரித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது ஆபு மலை மேல் இருக்கிறோம். வளைவுக்கு வளைவு ரேடியேட்டர் கொதித்தது, ஆனால் மேலே குளிரில் பல் தந்தி அடிக்கிறது. கீழே பார்த்தால் வந்த மணலெல்லாம் புகை மாதிரி. இதை எல்லாம் பார்த்தவளை எந்தக் கதவு அண்ணா பயமுறுத்தும்?

ரயிலேற மாட்டேன். வேனில்தான் வருவேன். அடுத்த விலாசம் சிரவணபெளகொளா தபாலாபீஸ்.

சாந்திமதி


காஞ்சிபுரம்
26-10-1969

அன்புள்ள சாந்திமதி,

கடிதத்தை நாலு முறை படித்தேன். அந்த ஆளுக்கு நீ கொடுத்த பதிலை சொசைட்டியில் சொன்னேன். கலியாணசுந்தரம் மேஜையைத் தட்டினான். "தரணி தங்கச்சின்னா சும்மாவா" என்று எல்லாரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

எந்த பாஷையில் சொன்னாள் என்று கேட்டார்கள். தமிழில் என்று சொன்னேன்.

வட்டச் செயலாளர் காதுக்கும் போய்விட்டது. வருகிற ஏழாம் தேதி பொதுக்கூட்டத்தில் உன்னை மேடையேற்றிப் பேச வைக்க வேண்டும் என்கிறார். இந்தி பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். கதவு திறந்தே இருக்கிறது. நீ மேடையில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிக்கொள். தமிழில்தான் சொன்னேன் என்று சொல். யாருக்கு நஷ்டம்?

வந்ததும் உன் கையால் ஒரு புளிக்குழம்பு வேண்டும்.

உன் அண்ணன்
தரணேந்திரன்


சிரவணபெளகொளா
1-11-1969

அண்ணா,

கார்டில் இடம் கொஞ்சம்தான். செவ்வாய்க்கிழமை காலை வந்துவிடுவோம்.

நான் சொன்னது இந்தியில். தமிழில் சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு ஒன்றும் புரிந்திருக்காது, சிரித்துக்கொண்டே உள்ளே விட்டிருப்பார், பதினோரு பேரும் வயிறாரச் சாப்பிட்டிருப்போம்.

மேடையேற்றினால் ஏறுகிறேன். எனக்குப் பயமில்லை. தமிழில்தான் பேசுவேன், எந்த பாஷையில் சொன்னேன் என்பதையும் சேர்த்தே சொல்வேன். வேண்டாமென்றால் இப்போதே அவர்களிடம் சொல்லிவிடு.

கதவு உன் இஷ்டம். நீ சாத்தினால் தானும் என்னோடு தெருவிலேயே நிற்பதாக அம்மா சொல்கிறாள்.

சாந்திமதி