ஒரே பிள்ளைக்கு இரண்டாவது ரேங்க்

மச்சான்,

உங்கள் வீட்டு அலமாரியில் தாள் மாற்றும்போது, பழைய தாளுக்கு அடியிலிருந்து நீங்கள் கையால் கோடு போட்டுத் தயாரித்த ரேங்க் கார்டு வந்து விழுந்தது. ஆசிரியர் கையெழுத்தும் உங்களுடையது, பெற்றோர் கையெழுத்தும் உங்களுடையது. மொத்த மாணவர்: ஒன்று. ரேங்க்: இரண்டு. நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் எனக்கு அதே எரிச்சல்.

பள்ளிக்கூடம் பிள்ளைகளைச் செக்குமாடாக்குகிறது என்று மதுரை முழுக்க முழங்கிவிட்டு, எமர்ஜென்சி முடிந்த வருடம் என் அக்கா மகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினீர்கள். கே.கே. நகர் வீட்டு முன்னறையில், நாளந்தாவே நாணித் தலைகுனியும்படி ஒரு சர்வகலாசாலை எழுந்தது. ஒன்பது மணிக்கு அக்கா பூசை மணியை அடிக்க வேண்டும். வரிசையில் நிற்பது ஒருத்தி. "வரிசை கோணல்" என்று அவளையே அதட்டுவீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்புக் கடிதம் அவள் எழுத வேண்டும். வகுப்பில் பேசியவர் பட்டியலில் தினமும் அவள் பெயர். யாரோடு பேசினாள்? சுவரோடு.

ஞாயிறுதோறும் வாடிப்பட்டியிலிருந்து கொய்யாப்பழத்தோடு வரும் நான் ஒருநாள் இந்தக் கார்டைப் பார்த்துக் கேட்டேன்.

"மொத ரேங்க் குடுத்தா தலைக்கனம் ஏறிரும் மாப்ள," என்றீர்கள்.

"அப்ப மொத ரேங்க் யாரு மச்சான்?"

"அது காலியா கெடக்கும்."

கிளம்பும்போது வாசலில் அவள் என் சட்டையைப் பிடித்தாள். "மாமா, மொத ரேங்க் எடுக்குறவ எப்புடி இருப்பா?"

வைகை அணையை ஒரே மடக்கில் குடித்தவன் என்று ஊரையே நம்பவைத்த எனக்கு அன்று ஒரு சின்னப் பொய்கூட வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தேன்.

"அவள ஸ்கூலுக்கு அனுப்புங்க மச்சான்."

"அங்க போனா கெட்டுப்போவா."

"இங்க சுவத்தோட பேசுறாளே, இன்னும் எம்புட்டு கெடணும்?"

அக்கா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் ஒன்பதாகியும் மணிச்சத்தம் கேட்கவில்லையாம். "மணி எங்க?" என்று அக்காவிடம் கத்தினீர்களாம்.

"கெணத்துல கெடக்கு. சாமி குத்தம்னா எனக்கு வரட்டும். வேணும்னா எறங்கி எடுத்து நீங்களே அடிச்சுக்கங்க."

உங்கள் சாம்ராஜ்யம் அத்தோடு கவிழ்ந்தது. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதி, ஒன்பதாம் வகுப்பில் அவள் நிஜப் பள்ளிக்கூடம் போனாள். காலாண்டுப் பரீட்சை முடிவு வந்ததும் ஓடி வந்தாள். இரண்டாவது ரேங்க்.

"பாத்தியா மாப்ள, நான் அன்னைக்கே சரியாத்தான போட்டேன்," என்று மீசையைத் தடவினீர்கள். அப்படி ஒரு வெட்கம்கெட்ட பெருமையைப் பூமியில் வேறெங்கும் கண்டதில்லை.

அவள் உங்கள் பக்கமே திரும்பவில்லை. "மாமா, மொத ரேங்க் எடுத்தவ என் பக்கத்துலதான் உக்காந்துருக்கா. எத்துப்பல்லு. நான் என்ன சொன்னாலும் சிரிக்கிறா."

கார்டைப் புதுத் தாளுக்கு அடியில் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள். அவர்களிடம் காட்டி உங்களைத் திட்ட வேண்டும்.