ஜனவரியில் ஒரு சூடான கை

நாரின்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய இலக்கிய ஆசிரியை சைரா எசெனோவ்னா அவர்களுக்கு,

வணக்கம். நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும். பன்னிரண்டு நாளாக ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு புழுங்கிக்கொண்டிருக்கிறேன். அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். உங்களை வேலையில் வைத்திருப்பதா அனுப்பிவிடுவதா என்று வியாழக்கிழமை ஆசிரியர் குழு கூடி முடிவெடுக்கப் போகிறது. பதினொரு பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு புகாரை அங்கே வாசிப்பார்கள். அதை எழுதியது யார் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நான்தான் எழுதினேன்.

நன்றாகவே எழுதினேன். பதினாறு வரிப் பாட்டு ஒன்றுக்கு ஆறு வாரம் செலவிட்டீர்கள், பாடத்திட்டம் பாதியில் கிடக்கிறது, அறிவியலில் முதலாவதாக இருந்த மாணவி வட்டார இயற்பியல் போட்டியில் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கிவிட்டாள் என்று தேதி போட்டு அடுக்கினேன். அந்த மாணவி என் மகள் பெர்மெத். தலைமையாசிரியர் கச்கின்பாய் படித்துப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்து, "பைகே, இவ்வளவு அழகா எழுதுற ஆள் ஆத்தங்கரையில என்ன பண்றீங்க?" என்றார். முகஸ்துதி என்று தெரிந்தும் எனக்கு இனித்தது.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் பொய். உங்கள் பாடத்தின் மேலேயே எனக்கு முப்பத்திரண்டு வருடக் கோபம். பள்ளியிறுதியில் எல்லாவற்றிலும் ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். இலக்கியக் கட்டுரைக்கு மட்டும் நான்கு. 'பிழையில்லை, உணர்ச்சியும் இல்லை' என்று அப்போதைய இலக்கிய ஆசிரியை சிவப்பு மையில் ஓரத்தில் எழுதியிருந்தார். தங்கப்பதக்கம் போயிற்று. பதக்கக்காரர்களுக்கு இருந்த சலுகை போய், ஒரு வருடம் கழித்துத்தான் கல்லூரியில் சேர்ந்தேன். பிற்பாடு என் பனியுருகல் அட்டவணைகளைத் தன் பெயரில் வெளியிட்ட பேராசிரியரைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். இப்போது தினமும் இரண்டு முறை ஆற்றின் நீர்மட்டத்தைக் குறித்து அனுப்புகிறேன். அதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை.

பெர்மெத் என்னைப் போல. பனி விழுகிறது என்றால் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்பாள். செப்டம்பரில் உங்களைப் பற்றி, "அந்த டீச்சர் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேங்குறாங்கப்பா. அவங்களுக்கே தெரியாது போல" என்றாள். நான் வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

புகாரைக் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அவள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். அந்தப் பாட்டைப் பற்றித்தான் பேச்சு. சாகக் கிடக்கும் ஒரு தாய், கோச்கோரில் இருக்கும் மூத்த மகனைத் தேடுகிறாள். சொல்லி அனுப்புகிறார்கள். ஜனவரி மாதம், ஒரே இரவில் டோலோன் கணவாயைத் தாண்டி அவன் வந்துவிடுகிறான். 'என் மகன் வந்துவிட்டான், அவன் கை ரொட்டி போலச் சூடாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுத் தாய் கண்ணை மூடுகிறாள். இதுதான் பாட்டு.

பெர்மெத் கணக்குப் போட்டிருக்கிறாள். நூற்றிருபது கிலோமீட்டர், மூவாயிரம் மீட்டர் உயரம், இடுப்பளவு பனி. குதிரைக்கு முப்பது மணி நேரமாவது வேண்டும். எழுந்து நின்று, பாட்டு தப்பு என்று சொல்லியிருக்கிறாள். பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "ஏய் கால்குலேட்டர், குதிரைக்கு டீசல் எவ்வளவு ஆகும்னு போட்டியா?" என்று கேட்டானாம். வகுப்பே சிரித்ததாம். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லையாம். "கணக்கு சரிதாம்மா. அப்ப வந்துட்டான்னு சொன்னது யாரு?" என்று கேட்டுவிட்டு, மணி அடித்ததும் போய்விட்டீர்களாம்.

"நாலு நாள் யோசிச்சேம்பா," என்றாள். "ராத்திரி முழுக்க டோலோன்ல வந்தவன் கை எப்படிப்பா சூடா இருக்கும்? கடிவாளம் புடிச்ச கை, விரல் மரத்துப்போயிருக்கணும். அது அவன் கையே இல்ல. முதல் வரியில அடுப்பு மூட்டிக்கிட்டு ஒருத்தன் உட்கார்ந்திருக்கான் பாரு, கூடவே இருந்த சின்ன மகன். பாட்டுல அவனுக்குப் பேர்கூடக் கெடையாது. அவன்தான் கையக் குடுத்திருக்கான். 'ஆமாம்மா, நான் வந்துட்டேன்'னு சொல்லியிருக்கான்."

என் மனைவி, "அந்தக் குதிரைய விட்டுட்டு முதல்ல சூப்பைக் குடிடி, ஆறுது" என்றாள். பெர்மெத் குடிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். இயற்பியல் போட்டியில் ஒன்பதாவதாக வந்தபோது அழாத பெண்.

அவளுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். என் அண்ணன் மாஸ்கோவில் இருக்கிறான். என் தாயைக் கடைசி நான்கு வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்க வைத்தது நான். சாகும் அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பெயரைச் சொன்னாள். "வந்துட்டியா எசென்குல்?" என்று கேட்டாள். நான், "அம்மா, நான் எசென்குல் இல்ல. அவன் வரல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஒன்பது வருடமாக அண்ணன்மேலும், என்னைத் தெரியாமல் போன தாய்மேலும் கோபத்தில் இருந்தேன். ஆறிப்போன சூப்புக்கு முன்னால் உட்கார்ந்து, இன்னொரு பதில் சொல்லியிருக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தோன்றியது.

மறுநாளே பள்ளிக்குப் போனேன். புகாரைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். கச்கின்பாய் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "என்ன பைகே, கல்யாணப் பத்திரிகையா இது, தேதி மாத்தி அடிக்க? பத்துப் பேரு உங்களப் பாத்துதான் கையெழுத்துப் போட்டாங்க" என்றார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையைக் காட்டினார். தலைநகர் அறிவியல் பள்ளிக்கு பெர்மெத்தைப் பரிந்துரைக்கும் கடிதம். "இதுலயும் ஒரு கையெழுத்து பாக்கி இருக்கு. என்னோடது. நாம ரெண்டு பேரும் பொண்ணு நல்லா இருக்கணும்னுதானே நெனைக்கிறோம்?" என்றார். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தேநீரைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

எனக்கு உத்தியோகத்தில் செல்வாக்கில்லை, ஊரில் ஆளில்லை. மகளுக்கு அந்தப் பள்ளி ஒன்றுதான் இந்த ஊரிலிருந்து வெளியேற வழி. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களைக் கேட்கவில்லை. நீங்கள்தான் பதில் சொல்ல மாட்டீர்களே.

ஒன்று மட்டும் செய்யுங்கள். வியாழக்கிழமை பெர்மெத்தின் நோட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் வீணாயிற்று என்று வாசிக்கும்போது அதைத் திறந்து காட்டுங்கள். குதிரையின் வேகம், ஏற்றம், குளிர், எல்லாம் ஆறு பக்கத்துக்கு இருக்கிறது. கீழே பென்சிலால், 'கணக்கும் சரி, பாட்டும் சரி' என்று எழுதியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பார்த்தேன். எந்த இயற்பியல் ஆசிரியரும் அவளை இவ்வளவு கவனமாகக் கணக்குப் போட வைத்ததில்லை. இதை நான் குழுவின் முன் எழுந்து சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன்.

இன்று காலை காலணி மாட்டிக்கொண்டே, "அடுத்த வருஷமும் சைரா எஜேதானே எங்களுக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீங்கள் எங்கே அனுப்பப்பட்டாலும் நன்றாக இருக்க வேண்டும். இந்த வாரம் மட்டும் அவளுக்கு வழக்கம்போலப் பாடம் நடத்துங்கள். புகாரை எழுதியவன் யார் என்று அவள் கேட்டால், தயவுசெய்து தெரியாது என்று சொல்லுங்கள்.

இந்த இடத்தில் என் பெயரை எழுதி, அடித்து, தாளை மாற்றிப் பிரதி எடுத்திருக்கிறேன். நான் யார் என்று உங்களுக்கு இரண்டாம் பத்தியிலேயே தெரிந்திருக்கும். ஆனால் பெயர் இல்லாத கடிதத்தைக் குழுவில் யாரும் வாங்க மாட்டார்கள். பதிவேட்டில் எண்கூடப் போட மாட்டார்கள். உங்கள் கையில் இருந்தும் இது உங்களுக்கு உதவாது. அது தெரிந்தேதான், புகாரில் பட்டத்தோடு முழுப்பெயரையும் போட்டவன், இதைக் கையெழுத்தில்லாமல் தபாலில் சேர்க்கிறேன்.