சிக்னியைப் படுக்க வைக்காதீர்கள்

மிச்சிகன், மார்ச் 6

அன்பு மகள் ஹெல்மிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், உன் தங்கச்சியும் சுகம் என்று எழுதத்தான் நான்கு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். நீ வேலை செய்யும் நண்டுக் கப்பலில் போன் கிடைக்காது, கரைக்கு வந்ததும் உன் கையில் கிடைக்கட்டும் என்று துறைமுகத்துக்கு அனுப்புகிறேன். பதறாதே, சிக்னி உயிரோடு இருக்கிறாள், அதை முதலில் சொல்லிவிட்டேன்.

மூன்று வாரமாக இருமல், டாக்டர் ஆஸ்துமா என்றார். காலையில் முகம் உப்பியிருக்கும், மத்தியானம் வடிந்துவிடும், குப்புறப் படுத்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு கட்டிலுக்கே போகாமல் சோபாவில் உட்கார்ந்தபடி தூங்கினாள். படுத்தா யாரோ நெஞ்சு மேல உக்காந்த மாதிரி இருக்குப்பா என்றாள், எட்டு வயசுல என்ன கதை விடுற என்று திட்டித் தூக்கிப்போய்ப் படுக்க வைத்தேன் ஹெல்மி. என் கையாலேயே.

சனிக்கிழமை சவுனாவில் ஆவிக் குளியலின்போது அம்மாதான் பார்த்தாள், கழுத்திலும் நெஞ்சிலும் நீல நரம்பு கொடிகொடியாகப் புடைத்திருந்தது. ஈனோ வண்டியை எடு என்று கத்தினாள், ஈரத் தலையோடு பனியில் கிளம்பினோம். எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் ஒரு கட்டி. தலையிலிருந்து இதயத்துக்கு ரத்தம் இறங்கும் பெரிய குழாயை நெரிக்கிறதாம், மூச்சுக்குழாயையும் சேர்த்து. ஸ்கேன் எடுக்கிறவர் அசையாம படு பாப்பா என்று சாய்த்தார், அவள் உதடு நீலமாகிவிட்டது. நான் அவரைத் தள்ளிவிட்டு அவளை நிமிர்த்தி அணைத்துக்கொண்டேன். டாக்டர் மாரிபெல் ஓடிவந்து, யாரும் இவளைப் படுக்க வைக்காதீங்க, மயக்க மருந்தும் கூடாது, மூச்சு அடைச்சிடும், அப்பா நீங்க இப்படியே பிடிச்சுக்கோங்க என்றார். ஐந்து மணி நேரம் பிடித்திருந்தேன். கழுத்திலும் ஒரு சின்னக் கட்டி இருந்தது, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து உட்கார்ந்தபடியே ஊசி குத்திப் பரிசோதனைக்குச் சதை எடுத்தார்கள், அவள் என் காதைத் திருகிக்கொண்டே பொறுத்துக்கொண்டாள்.

புற்றுநோய்தான், லிம்போமா. ஸ்டீராய்டு கொடுத்து மூன்றாம் நாள் முகம் வற்றியது, நேற்று மத்தியானம் மல்லாந்து படுத்துத் தூங்கினாள், நான் பத்துத் தடவையாவது குனிந்து மூச்சைப் பார்த்திருப்பேன். இரண்டு வருஷ வைத்தியம். பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துவிடுவார்கள் என்கிறார் மாரிபெல். பெரும்பாலான என்றால் எங்கள் பிள்ளையுமா என்று தினம் கேட்கிறேன், அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்.

நீ குளிரில் கையுறையைக் கழற்றாதே, வேளைக்குச் சாப்பிடு. கடல் உன்னைப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும். கரை ஏறியதும் போன் செய், ஆனால் அழாதே. சிக்னி சொல்லி அனுப்பியது இது: எல்லாரும் என்கிட்ட ரொம்ப நல்லவங்களா நடந்துக்கறாங்கப்பா, எனக்குப் பயமா இருக்கு, அக்காவைக் கூப்பிட்டு என்கூடச் சண்டை போடச் சொல்லுங்க.

உன் அப்பா,
ஈனோ