இரண்டாம் பக்கத்தில் பெனிற்றா

2025 ஜனவரி 21, செவ்வாய்

மோர்டன் பராமரிப்பு இல்லத்துக்குப் போய் வந்தேன். பெனிற்றா அரைக் கோப்பை சூப் குடித்தாள். வலது கை வழக்கம்போல அசைவில்லை. இன்று "ஓம்" நான்கு தரம், "பிறகு" இரண்டு தரம். பாரிசவாதம் வந்தபின் தங்கச்சியிடம் மிஞ்சிய சொற்கள் இந்த இரண்டுந்தான். பதினாலு மாதமாக எண்ணி எழுதிவருகிறேன். எண்ணாமல் விட்டால் அவையும் போய்விடும் என்ற பயமாக இருக்கலாம்.

லண்டனின் மறுகோடியில் ஹரோ வீட்டுக்குத் திரும்பி வந்தால் ஒரு மின்னஞ்சல். தக்ஷிகா என்று ஒரு பிள்ளை. பழைய இசைத்தட்டுகளை மறுபடி வெளியிடும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை. "1983இல் பொசா நோவா தட்டு வெளியிட்ட பெனிற்றா உங்கள் சகோதரியா?"

முப்பது வருடத்துக்கு மேலாக யாரும் கேட்காத கேள்வி. ஆம் என்று ஒரு சொல் எழுத மூன்று தரம் அழித்து எழுதினேன்.

பெப்ரவரி 1, சனி

தக்ஷிகா வந்தாள். வயது முப்பது இருக்கும், இங்கே பிறந்தவள். தமிழ் விளங்குகிறது, பேசும்போது தடுக்குப்படுகிறது. தட்டும் கசற்றும் அடுக்கிய என் அலுமாரியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அங்கிள், எல்லாத்துக்கும் நம்பர் போட்டிருக்கிறீங்க."

"நூலகத்தில அட்டவணை போட்டே முப்பத்தொரு வருசம் பிள்ளை. பழக்கம்."

முதல் தட்டின் பதிவுக் குறிப்பேட்டைக் காட்டினேன். எந்த நாள், எந்தப் பாட்டு, எத்தனையாம் தரம் பாடியது, எத்தனை நிமிடம். ஸ்ரூடியோவின் மூலையில் கதிரை போட்டு இருந்து எழுதியது. பொசா நோவா பிரேசில் நாட்டு மெல்லிசை, பாட்டெல்லாம் போர்த்துக்கீசம்; பெனிற்றாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. பிரேசில்காரக் கிற்றார் வாசிப்பாளர் சொல்லச்சொல்ல, நான் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிக் கொடுப்பேன். அவள் அதைப் பார்த்துப் பாடினாள். யாழ்ப்பாணம் குருநகரில் கலியாண வீடுகளில் துள்ளாட்டப் பைலாப் பாட்டுக்குக் கிற்றார் அடித்த கை. இங்கே வந்து அதை எவ்வளவு மெதுவாக்கினாள். சத்தம் போடாத சங்கீதம் என்பதால்தான் எனக்கும் அது பிடித்திருக்க வேண்டும்.

"இந்தப் போட்டோவில பெல் பொட்டம் போட்டு நிக்கிறது நீங்களா?"

"அது வேற ஆரோ."

"மூக்கு உங்கட மூக்கு, அங்கிள்."

சிரித்தேன். அதோடு போயிருக்கலாம். போகவில்லை.

"எய்ற்றி செவின்ல ரெண்டாவது ஆல்பம் ஒண்டு, எல்லாம் தமிழ்ப் பாட்டு, அவவே எழுதினது எண்டு அப்ப அவவோட வாசிச்ச ட்ரம்மர் சொன்னவர். தமிழில பொசா நோவா, அங்கிள். அப்பிடி ஒண்டை நான் கேள்விப்பட்டதே இல்லை. அது எங்க?"

"இல்லை."

"ரெக்கோர்ட் பண்ணேல்லையா? இல்லாட்டி இப்ப இல்லையா?"

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றேன்.

எண்பத்தொரு வயது. இன்னும் அதே ஒளிப்பு.

பெப்ரவரி 2, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இதை எங்காவது ஒருதரம் எழுதத்தான் வேண்டும்.

1987 மார்ச்சில் ஒன்பது பாட்டுகளை நான்கு நாளில் பதிந்தாள். தட்டு வெளிவர மாதங்கள் ஆகும் என்று, ஒலிப்பதிவாளர் ஒரு கசற்றில் பிரதி எடுத்துக் கொடுத்தார். அவள் அதை என்னிடம் தந்தாள். "என்னட்டக் கிடந்தா எங்கயும் போட்டுடுவன். நீங்கள்தான் அண்ணை பத்திரமா வைப்பியள்." அலுமாரியில் 23ஆம் இலக்கம்.

ஏப்ரல் 19, உயிர்த்த ஞாயிறு. ரூற்றிங்கில் மூன்று குடும்பம் ஒரே வீட்டில் இருந்த காலம். அந்த வீட்டில் இருந்த சந்திரகுமார் அன்று பின்னேரம் கொழும்புக்கு விமானம் ஏறுகிறார், யாழ்ப்பாணமும் போவார் என்று மத்தியானம்தான் தெரியவந்தது. ஊரில் சண்டை, அங்கே அம்மாவுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். அப்போது எல்லோரும் செய்வதுபோலக் கசற்றில் பேசி அனுப்பலாம். வீட்டில் வெறும் கசற் இல்லை. பெருநாள், கடைகள் பூட்டு.

23ஐ எடுத்தேன்.

தவறி எடுக்கவில்லை. தெரிந்துதான் எடுத்தேன். மூல நாடா ஸ்ரூடியோவில் இருக்கிறது, இன்னொரு பிரதி கேட்டு வாங்கலாம் என்று நினைத்தேன். நியாயமான யோசனை. இன்றைக்கும் நியாயமாகத்தான் தெரிகிறது, அதுதான் கொடுமை.

முதல் பக்கம் முழுக்க நான் பேசினேன். பெனிற்றா பெருநாள் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். "அம்மாவோட நீயும் கதை" என்று இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டு அவளை மெசினுக்கு முன்னால் இருத்தினேன். எந்தக் கசற் என்று சொல்லவில்லை. அவளுக்குப் பிறகு வீட்டிலிருந்தவர்கள் எல்லாம் வரிசையாகத் தங்கள் ஊர்க்காரருக்குச் செய்தி சொன்னார்கள்.

ஆடி மாதம் அந்த இசைத்தட்டு நிறுவனம் மூடிப்போனது. ஸ்ரூடியோ மூல நாடாவை அழித்து வேறு யாருக்கோ பாவித்துவிட்டது.

அவள் ஓடிவந்து கேட்டாள், "அண்ணை, கசற் இருக்குத்தானே?"

"வீடு மாறேக்க துலைஞ்சுபோச்சு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரி அண்ணை" என்றாள். அவ்வளவுதான். அதன்பின் ஒரு மேடையிலும் பாடவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள்.

அவளின்ர குரலை அவளைக் கொண்டே அழிக்க வைச்சனான். நானெல்லாம் ஒரு அண்ணனோ?

பெப்ரவரி 8, சனி

கசற் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசிவரை அம்மாவைப் பார்த்தவள் சித்தியின் மகள் கமலாம்பிகை. அம்மாவின் சாமான்கள் அவளிடம். பாரிஸ் நகரில் இருந்துவிட்டு இப்போது செவன் கிங்சில் இருக்கிறாள். ஹரோவிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணம். நான் ஒருநாளும் போனதில்லை.

எல்லோரும் பேசி முடித்தபின் நாடாவின் கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சியிருக்கலாம். ஒரு பாட்டின் வால் பகுதியாவது. ஆனால் அதைத் தக்ஷிகாவிடம் கொடுத்தால் கசற் தொலையவில்லை என்பதும் வெளியே வரும்.

பெப்ரவரி 11, செவ்வாய்

"ஓம்" மூன்று. "பிறகு" ஒன்று. கமலாம்பிகையின் போன் இலக்கத்தைத் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன், எடுத்துப் பேசவேண்டும்.

பெப்ரவரி 18, செவ்வாய்

எடுக்கவில்லை.

பெப்ரவரி 25, செவ்வாய்

பெனிற்றாவுக்கு நெஞ்சுச் சளி. இனி அடிக்கடி வரும் என்று தாதி சொன்னாள். மிகவும் மரியாதையாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கமலாம்பிகைக்குப் போன் எடுத்தேன்.

மார்ச் 1, சனி

செவன் கிங்ஸ். கதவைத் திறந்தவள் உள்ளே விடாமல் மேலும் கீழும் பார்த்தாள்.

"உயிரோடதான் இருக்கிறியள். பதினெட்டு வருசமா நானும் இதே லண்டனில இருக்கிறன். ஒரு போன் இல்லை. இப்ப கசற் தேடி வாறியள்."

"பிழைதான் கமலா."

"பிழையெண்டு சொல்லத் தெரியுதே, அதுவே பெரிய காரியம். வாங்கோ, சப்பாத்தைக் கழட்டுங்கோ."

பிஸ்கற் ரின் ஒன்றைக் கொண்டுவந்தாள். மூடி துருப்பிடித்து, சீலைத் துண்டால் கட்டியிருந்தது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்கு நடந்தபோது அம்மா தூக்கிக்கொண்டு போனது.

"அரிசிப் பையை விட்டிட்டு இதைத் தூக்கினவா. நான் ஏசினனான்."

மேலாகவே இருந்தது 23. ஒட்டுத்தாளில் பெனிற்றாவின் எழுத்து, அதன்மேல் என் இலக்கம்.

"உங்கட பக்கத்தைப் பெரியம்மா ஒருக்காத்தான் போட்டவா. காலநிலை, பஸ், பாண் விலை. ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரி." கமலாம்பிகை சிரித்தாள். "பெனிற்றா அக்கான்ர பக்கத்தை நாள் தவறாமக் கேப்பா. எங்களை எல்லாம் வெளியில போகச் சொல்லிப்போட்டுத்தான் போடுவா. என்ன கிடக்கு அதில?"

"தெரியாது" என்றேன். இந்தமுறை உண்மை.

எழும்பும்போது வடைப் பொதி ஒன்றைக் கையில் திணித்தாள். "அடுத்தமுறை கசற் இல்லாமலும் வரலாம்."

மார்ச் 4, செவ்வாய்

தக்ஷிகாவிடம் கசற்றைக் கொடுத்தேன். நான் செய்ததை, தொலைந்தது என்று சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்பு எழுதிக்கொண்டு போனதால் எதுவும் விடுபடவில்லை. "அங்கிள், நாடா பழுதாகாம எடுக்க ரெண்டு கிழமை வேணும்" என்றாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 20, வியாழன்

தக்ஷிகா தங்கள் அலுவலகத்துக்கு வரச் சொன்னாள்.

"கடைசியில மிச்சம் ஒண்டும் இல்லை, அங்கிள். முழுக்க ஆக்கள் கதைக்கிறாங்கள். சொறி." பிறகு காதில் போடுவதை என் தலையில் தானே மாட்டிவிட்டாள். "ஆனா ரெண்டாம் பக்கத்தை நீங்க தனியக் கேக்கவேணும். நான் வெளியில நிக்கிறன்."

கேட்டதை அப்படியே எழுதிவைக்கிறேன். ஐந்து தரம் நிறுத்தி எழுதியது.

முதலில் சுகம் விசாரிக்கிறாள். நான் "தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று சொல்லும் சத்தம் கேட்கிறது, கதவு சாத்துகிறது. பிறகு குரலைத் தாழ்த்தி:

"அம்மா, அண்ணை குசினிக்குப் போயிட்டார். ஒரு விசயம். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. முதல்ல அண்ணை அங்கால போன நேரம், எங்க தொடங்கிறதெண்டு பாக்க நாடாவைக் கொஞ்சம் ஓடவிட்டனான். என்ர பாட்டு. போன மாசம் பாடினது. வேற கசற் இல்லாம இதை எடுத்திட்டார் போல. பால் குடிச்ச பூனை மாதிரி முழிச்சுக்கொண்டு நிக்கிறார், பாவம். பறவாயில்லை. மூல நாடா ஸ்ரூடியோவில கிடக்கு. நீங்கள் எங்கட குரல் கேட்டு எத்தினை மாசம். அழிஞ்சாலும் உங்களிட்டத்தானே வருது. ஆனா ஒரு பாட்டை உங்களுக்கெண்டு திருப்பிப் பாடுறன். கிற்றார் மேல கிடக்கு, எடுக்கப்போனா அண்ணை பிடிச்சிடுவார். மேசையில தட்டித்தான் பாடவேணும்."

விரல்கள் மேசையில். பிறகு அந்தக் குரல்.

நனைந்த குடையை வாசலில் வை
மழை அங்கேயே நிற்கட்டும்

முப்பத்தேழு வயதுக் குரல். கிற்றார் இல்லை, ட்ரம் இல்லை. பெருமூச்சைவிடக் கொஞ்சம் சத்தம். இரண்டு நிமிடம் பத்து வினாடி. பிறகு கதவு திறக்கிறது. ஒரு ஆண் குரல்:

"பெனிற்றா, தேத்தண்ணி ஆறுது. சந்திரகுமார் வெளிக்கிடப்போறார்."

பாட்டு நின்றுவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

நித்திரை இல்லை.

அவளுக்குத் தெரிந்திருந்தது. துலைஞ்சுபோச்சு என்று நான் சொன்னபோதே தெரியும். அந்தச் "சரி அண்ணை" என்ன? மன்னிப்பா? அல்லது நானாக எப்போது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாளா? அவளுக்குப் பேச்சு இருந்த காலமெல்லாம் எனக்கு அவகாசம் இருந்தது. முப்பத்தாறு வருசத்துக்கு மேல. செவ்வாயும் சனியும் போய் இருந்து காலநிலை கதைச்சன்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

தக்ஷிகா சின்ன மெசின் ஒன்றில் பாட்டைப் போட்டுத் தந்திருந்தாள். எப்படி நிறுத்துவது என்று இரண்டு தரம் காட்டினாள். காலை மெட்ரோபொலிற்றன் ரயில் பிடித்து, கிங்ஸ் குறோசில் மாறி, பதினொன்றுக்கு மோர்டன்.

பெனிற்றா ஜன்னலோரக் கதிரையில். மெலிந்துவிட்டாள். பக்கத்தில் இருந்து, எழுதிக்கொண்டு போன தாளை எடுத்தேன். வாசிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"கசற் துலையேல்லை, பெனிற்றா. நான் பொய் சொன்னனான்."

"ஓம்" என்றாள்.

அவளிடம் இருப்பதே இரண்டு சொல். அதில் நான் எதையும் ஏற்றிப் பார்க்கக்கூடாது. ஆனால் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

மெசினைப் போட்டேன். தன் குரல் என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை. மேசையில் விரல் தட்டும் சத்தம் வந்ததும் இடது கை கதிரைக் கைப்பிடியில் தட்டத் தொடங்கியது. பிறகு வாய் அசைந்தது. பிறகு பாடினாள். சொல்லோடு பாடினாள். தண்ணீர் என்று கேட்கத் தெரியாதவள், "நனைந்த குடையை வாசலில் வை" என்று ஒரு எழுத்துப் பிசகாமல். இளம் குரலும் கிழட்டுக் குரலும் ஒன்றாக. தாதி வாசலில் வந்து நின்றாள்.

என் குரல் வரும் இடம் எனக்குத் தெரியும். நிறுத்தப் போனேன், பொத்தானைத் தேடுவதற்குள் பிந்திவிட்டது. "தேத்தண்ணி ஆறுது" என்றேன் நான், மெசினுக்குள்ளிருந்து. அங்கே அவள் நிறுத்தினாள். கதிரையில் இருந்தவள் நிறுத்தவில்லை. நான் மெசினை அணைத்தேன். அவள் அடுத்த அடியைப் பாடினாள், அதற்கடுத்ததையும். முப்பத்தெட்டு வருடமாக யாரும் கேட்டிராத மிச்சத்தைக் கடைசிவரை பாடி முடித்தாள்.

நான் வாய் திறக்கவில்லை. தாதி வைத்த தேத்தண்ணி மேசையில் ஆறிப்போய்க் கிடந்தது.

"இன்னொருக்காப் பாடுறியே?" என்று கேட்டேன்.

"பிறகு" என்றாள்.

திரும்பி வந்து, 87க்குப் பின் தொடாத பதிவுக் குறிப்பேட்டை எடுத்து எழுதினேன்: மோர்டன். "நனைந்த குடை." ஒரே தரம். மூன்று நிமிடம் நாற்பது வினாடி. பதிவு இல்லை.

செப்டெம்பர் 9, செவ்வாய்

தட்டு வந்தது. தக்ஷிகா இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறாள். முதல் தட்டின் பத்துப் பாட்டும், கடைசியில் மேசையில் தட்டிப் பாடிய அதுவும். என் குரலை வெட்டிவிடவா என்று ஆனியில் கேட்டிருந்தாள். பெனிற்றாவின் அடக்கம் முடிந்த கிழமை அது. வேண்டாம் என்று எழுதினேன். அந்த இடத்தில் பாட்டு ஏன் நின்றது என்று கேட்பவர்களுக்குத் தெரியவேண்டும்.

ஒரு பிரதி சனிக்கிழமை கமலாம்பிகைக்கு. வடை சுட்டு வைக்கிறேன் என்றாள். கசற்றை 23ஆம் இடத்தில் திரும்ப வைத்தேன்.

காலையில் செவ்வாய்க்கிழமைப் பழக்கத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். மழை. குடையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றுவிட்டு, உள்ளே வந்தேன்.